அணுகுமுறைத் தேர்வும் சான்றின் எல்லையும்: புறநானூறு 246ஆம் பாடலை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

தமிழியல் ஆய்வுகளில் அணுகுமுறையை முதலில் தேர்ந்துகொண்டு, அதற்கு இயைந்த எடுத்துக்காட்டுகளைப் பனுவலிலிருந்து திரட்டும் போக்கு பரவலாகக் காணப்படுகிறது. இப்போக்கில் ஆய்வின் முடிவு ஆய்வு தொடங்கும் முன்பே உறுதியாகிவிடுகிறது. ஆய்வு வினாவும், அவ்வினாவிற்கு விடை தரவல்ல சான்றின் இயல்புமே அணுகுமுறையைத் தீர்மானிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருதுகோள். பூதப்பாண்டியன் தேவி பெருங்கோப்பெண்டின் கூற்றாகப் புறநானூற்றில் இடம்பெறும் 246ஆம் பாடல் இங்கு ஆய்வுக்களமாகக் கொள்ளப்படுகிறது. வரலாற்றியல், மரபுக் கவிதையியல், சமூகவியல், பெண்ணியம், வாய்மொழிக் கோட்பாடு ஆகிய ஐந்து அணுகுமுறைகள் அப்பாடலின் எந்தச் சான்றைச் சார்ந்துள்ளன, எவ்விடத்தில் அச்சான்றைக் கடந்து செல்கின்றன என்பன ஆராயப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அணுகுமுறை, ஆய்வு வினா, சான்று, புறநானூறு, கைம்மை, அடிக்குறிப்பு, வாய்மொழிக் கோட்பாடு.

முன்னுரை

பல்கலைக்கழக ஆய்வேடுகளின் தலைப்புகளைத் தொகுத்து நோக்கினால் அவற்றுள் பெரும்பாலானவை ஒரே வாய்பாட்டில் அமைந்திருப்பதைக் காணலாம். ஓர் இலக்கியத்தின் பெயரோடு உளவியல் நோக்கு, பெண்ணிய நோக்கு, சூழலியல் நோக்கு என ஏதேனும் ஒன்று இணைக்கப்பட்டிருக்கும். முதல் இயல் கோட்பாட்டை அறிமுகம் செய்யும். அடுத்துவரும் இயல்கள் அக்கோட்பாட்டின் கூறுகள் நூலில் இடம்பெறும் இடங்களைப் பட்டியலிடும். முடிவுரை அவை இடம்பெற்றுள்ளன என்று அறிவிக்கும். இவ்வமைப்பில் கோட்பாடு தவறாகவோ பொருந்தாமலோ போவதற்கு வாய்ப்பே இல்லை. பொருந்தாத இடங்கள் பட்டியலில் சேர்க்கப்படுவதில்லை என்பதே அதற்குக் காரணம்.

இச்சிக்கலின் வேர் மூன்று சொற்களின் மயக்கத்தில் உள்ளது. கோட்பாடு என்பது உலகியல்பு பற்றியோ இலக்கிய இயல்பு பற்றியோ ஒருவர் முன்வைக்கும் விளக்கம். முறை என்பது தரவுகளைத் திரட்டவும் ஒழுங்குபடுத்தவும் கையாளப்படும் வழி. இவ்விரண்டையும் ஒரு குறிப்பிட்ட வினாவின்பொருட்டு இணைக்கும் தெரிவே அணுகுமுறை. வினா இல்லாதவிடத்துத் தெரிவுக்கும் இடமில்லை. எனவே, இந்நூலுக்கு எந்த அணுகுமுறை பொருந்தும் என்று கேட்பது குறைபட்ட வினாவாகும். இந்நூலைக் கொண்டு எதனை அறிய வேண்டும், அதனை அறிவிக்கும் சான்று இந்நூலில் எவ்வடிவில் உள்ளது என்பனவே முன்னர்க் கேட்கப்பட வேண்டியவை.

பாடலும் அதன் சான்றடுக்குகளும்

புறநானூற்றின் 246ஆம் பாடல் 15 அடிகளால் ஆனது. கணவனை இழந்த ஒருத்தி, தன்னை ஈமத்தீயை நாடவிடாமல் தடுக்கும் சான்றோரை விளித்துப் பேசுகிறாள். அவர்களுடைய அறிவுரையைத் தீய சூழ்ச்சி என்கிறாள். நெய் தீண்டாது நீரிலிருந்து பிழிந்தெடுத்த சோற்றையும், எள்துவையலோடு புளி கூட்டி வேகவைத்த வேளைக் கீரையையும் உண்டு, பாயின்றிப் பருக்கைக் கற்களின்மேல் படுத்துக் கிடக்கும் பெண்டிருள் தான் ஒருத்தியல்லள் என மறுக்கிறாள். சுடுகாட்டில் அடுக்கிய ஈமம் அவர்களுக்கு அரியதாகத் தோன்றலாம். கணவன் மாய்ந்தபின் தனக்குத் தாமரை மலர்ந்த பொய்கையும் தீயும் ஒன்றே என முடிக்கிறாள்.

இப்பாடல் இன்றைய வாசகரை அடையும்போது நான்கு அடுக்குகளாக வந்து சேர்கிறது. முதலாவது, பாட்டின் சொற்கள். இரண்டாவது, திணை, துறை, கூறியவர், கூறிய சூழல் ஆகியவற்றைத் தரும் அடிக்குறிப்பு. மூன்றாவது, தொகுப்பில் பாடல் வைக்கப்பட்டுள்ள இடம். நான்காவது, முதல் 266 பாடல்கள் வரை கிடைக்கும் பழைய உரை. 1894ஆம் ஆண்டு உ. வே. சாமிநாதையரின் பதிப்பு வெளிவந்ததிலிருந்து இவை ஒரே பக்கத்தில் சேர்த்தே வாசிக்கப்படுகின்றன. ஆயினும் இவை ஒரே காலத்தனவோ ஒருவர் கையிலிருந்து வந்தனவோ அல்ல. தொகுத்தவர் பாடியவரினும் பிற்பட்டவர். உரையாசிரியர் தொகுத்தவரினும் பிற்பட்டவர். ஓர் ஆய்வாளர் தமது முடிவிற்கு இவற்றுள் எந்த அடுக்கைச் சான்றாக்குகிறார் என்பதைப் பிரித்துக் காட்டாதவரை, அவர் எந்தக் காலத்தைப் பற்றிப் பேசுகிறார் என்பது தெளிவாகாது.

வரலாற்றியல் அணுகுமுறை

சங்ககால அரசர் வரலாற்றை எழுதுவோர் இப்பாடலைப் பூதப்பாண்டியனின் இறப்பிற்கும் அவன் தேவியின் தீப்பாய்தலுக்கும் சான்றாகக் காட்டுவர். ஆனால் பாட்டின் 15 அடிகளில் அரசன் பெயரோ நாட்டின் பெயரோ இல்லை. பேசுபவள் அரசமாதேவி என்னும் செய்தியும் இல்லை. இவையனைத்தும் அடிக்குறிப்பு தருபவை. அடுத்துள்ள 247ஆம் பாடல், பெருங்கோப்பெண்டு தீப்பாய்வதைக் கண்டு மதுரைப் பேராலவாயார் பாடியதாக அடிக்குறிப்பால் அறியப்படுகிறது. அப்பாட்டில் தீ உண்டு. அது யானை கொணர்ந்த விறகில் கானவர் மூட்டிய தீ. நீர் வடியும் கூந்தல் முதுகில் தாழ, துயர்மிகு கண்ணோடு சுடுகாட்டை நோக்கி அலமரும் பெண்ணையும் அப்பாட்டில் காணலாம். அவள் ஈமத்தீயில் புகுந்தாள் என்பது மட்டும் அதன் சொற்களில் நேராகக் கூறப்படவில்லை. அடிக்குறிப்பை அறிந்து படிப்பவருக்கே அப்பொருள் உறுதிப்படுகிறது.

71ஆம் பாடல் ஒல்லையூர் தந்த பூதப்பாண்டியன் பாடிய வஞ்சினம். பகைவரை வெல்லேனாயின் மனைவியைப் பிரிவேனாகுக என அதில் அவன் சூளுரைக்கிறான். இவனே 246ஆம் பாடலின் அடிக்குறிப்பில் வருபவன் என்பது நெடுங்காலமாக ஏற்கப்பட்ட கருத்து. பிரிவை இழிவாகக் கருதிய கணவனும், அவன் மறைவிற்குப் பின் வாழ மறுத்த மனைவியும் ஒரு முழுமையான கதையாக இணைகின்றனர். அக்கதையின் அழகே ஆய்வாளரை எச்சரிக்க வேண்டும். இரண்டு பாடல்களையும் இணைக்கும் கண்ணி பாட்டுகளின் சொற்களில் இல்லை. அடிக்குறிப்புகளில் வரும் பெயர் ஒற்றுமையில்தான் உள்ளது.

இதனால் அடிக்குறிப்புகள் நம்பத்தகாதவை என்று கொள்ள வேண்டியதில்லை. திருக்கோவலூரை அடுத்த ஜம்பையில் 1981ஆம் ஆண்டு கண்டறியப்பட்ட தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தருகிறது. புகளூர்க் கல்வெட்டுகள் சேர இரும்பொறை மரபினரைக் குறிக்கின்றன. இத்தகைய புறச்சான்று கிடைக்குமிடத்துச் சங்கப் பாடல்களும் அடிக்குறிப்புகளும் தரும் பெயர்கள் வரலாற்றுத் தகுதி பெறுகின்றன. ஆயின் அதியமானுக்குக் கிடைத்த உறுதியைத் தொகுப்பிலுள்ள எல்லாப் பெயர்களுக்கும் விரிப்பது சான்றின் எல்லையை மீறுவதாகும். வரலாற்றியல் அணுகுமுறையைத் தேர்பவர் ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனியே புறச்சான்று தேட வேண்டும். அது கிடைக்காதவிடத்து, மரபு இவ்வாறு கூறுகிறது என்று எழுதுவதோடு அமைய வேண்டும்.

மரபுக் கவிதையியல் அணுகுமுறை

மேலைக் கோட்பாடுகளுக்கு மாற்றாகத் தொல்காப்பியத்தையே அளவுகோலாகக் கொள்வது தமிழிலக்கியத்திற்கு இயல்பாகப் பொருந்தும் என்ற கருத்து உண்டு. அளவுகோல் நம்முடையது என்பதாலேயே பொருத்தம் உறுதியாகிவிடாது என்பதற்கும் 246ஆம் பாடலே சான்று. கணவனோடு எரிபுகும் மனைவி இடையே நிற்போரோடு சொல்லாடும் நிலையைத் தொல்காப்பியப் புறத்திணையியல் காஞ்சித் திணையில் மாலைநிலை எனக் கூறுகிறது. இப்பாடலின் அடிக்குறிப்போ திணையைப் பொதுவியல் என்றும் துறையை ஆனந்தப்பையுள் என்றும் தருகிறது. பொதுவியல் என்னும் திணை தொல்காப்பியத்தில் இல்லை. புறப்பொருள் வெண்பாமாலையில் காணப்படும் பகுப்போடு அடிக்குறிப்பு நெருங்கி நிற்கிறது.

இரு வகைப்பாடுகளுக்கும் இடையே பொருள் வேறுபாடும் உண்டு. மாலைநிலை பெண்ணின் செயலை முதன்மைப்படுத்துகிறது. ஆனந்தப்பையுள் அவளுடைய துயரை முதன்மைப்படுத்துகிறது. முதல் பெயரின்கீழ்ப் படிப்பவருக்குப் பாட்டு ஒரு துணிவின் வெளிப்பாடாகவும், இரண்டாவது பெயரின்கீழ்ப் படிப்பவருக்கு ஓர் இழப்பின் வெளிப்பாடாகவும் தோன்றும். ஆகவே மரபுக் கவிதையியல் என்பது ஒற்றை அளவுகோல் அன்று. பாட்டு, இலக்கணம், அடிக்குறிப்பு ஆகியவை எவ்வாறு ஒத்தும் வேறுபட்டும் செல்கின்றன என்பதை வினாவாகக் கொண்டால் இவ்வணுகுமுறை மிகுந்த பயன் தரும். துறைப்பெயரை விளக்கிவிட்டுப் பாட்டு அதற்கு இலக்கியம் என்று கூறி முடித்தால் அது உரைநூல் கூறியதை மீளக் கூறுவதாகவே அமையும்.

சமூகவியல் அணுகுமுறை

கைம்மை நோன்பின் வரலாற்றை எழுதுவோருக்கு 246ஆம் பாடலின் உணவு, படுக்கை பற்றிய குறிப்புகள் அரிய தரவுகள். எனினும் தனியொரு பாட்டு ஒரு வழக்கத்திற்குச் சான்றாக நிற்பது கடினம். இப்பாட்டில் கைம்மை வாழ்வை விவரிப்பவள் அதனை ஏற்றவள் அல்லள், வெறுத்து ஒதுக்குபவள். வெறுப்பில் பேசும் குரல் மிகைப்படுத்தியிருக்கக் கூடும். அந்த ஐயத்தை நீக்குவன பிற பாடல்கள். 248ஆம் பாடலில் ஒக்கூர் மாசாத்தனார் கைம்பெண்ணின் உணவாக அல்லியைக் காட்டுகிறார். 250ஆம் பாடலில் தாயங்கண்ணியார் கூந்தல் கொய்து, தொடி நீக்கி, அல்லி உணவு கொள்ளும் மனைவியைக் காட்டுகிறார். வெவ்வேறு புலவர்கள், வெவ்வேறு சூழல்களில், ஒரே வகைக் கட்டுப்பாடுகளைக் குறிப்பிடுவதால் கைம்மை நோன்பு புலவர் உலகு நன்கறிந்த வழக்கம் என்பது வலுப்பெறுகிறது. எல்லாக் குடிகளிலும் அது கடைப்பிடிக்கப்பட்டதா என்பதற்கு இப்பாடல்கள் விடை தருவதில்லை.

வழக்கம் இருந்தது என்பதிலிருந்து அது ஏன் இருந்தது என்பதற்குச் செல்லும்போது அணுகுமுறையின் சோதனை தொடங்குகிறது. ஜார்ஜ் ஹார்ட் 1975ஆம் ஆண்டு வெளியிட்ட பழந்தமிழ்ப் பாடல்கள் பற்றிய நூலில், பெண்ணிடம் உறைவதாகக் கருதப்பட்ட புனித ஆற்றலை அணங்கு என்னும் சொல்லோடு இணைத்து, கைம்மையின் கடுமையை அவ்வாற்றல் பற்றிய அச்சத்தால் விளக்கினார். சிதறிக் கிடந்த பல செய்திகளை ஒரே காரணத்தால் இணைத்தது அவ்விளக்கத்தின் சிறப்பு. வி. எஸ். ராஜம் 1986ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் அச்சொல் ஆளப்பட்ட இடங்களை ஆராய்ந்து, அதன் பொருளைப் பெண்ணின் புனித ஆற்றலாகச் சுருக்குவது பொருந்தாது எனக் காட்டினார். 247ஆம் பாடலிலேயே அச்சொல் துயருற்ற பெண்ணைக் குறிக்கவில்லை. தெய்வம் உறையும் முற்றத்திற்கு அடையாக நிற்கிறது. மானிடவியல் விளக்கம் ஒன்று சொல்லின்மேல் எழுப்பப்படும்போது, அச்சொல்லின் எல்லா ஆட்சிகளும் அதற்கு முன்னரே எண்ணப்பட வேண்டும் என்பதே இவ்விவாதம் தரும் முறையியல் பாடம்.

பெண்ணிய அணுகுமுறை

246ஆம் பாடலைக் கற்பின் பெருமைக்கு எடுத்துக்காட்டாகப் போற்றும் வாசிப்பு பழையது. அதற்கு எதிர்வினையாக, உடன்கட்டை ஏறுதல் பெண்மேல் சுமத்தப்பட்ட கொடுமை என்பதற்கு இதனையே சான்றாக்கும் வாசிப்பும் எழுந்தது. எதிரெதிரான இவ்விரு வாசிப்புகளும் ஒரே தடையை எதிர்கொள்கின்றன: பாட்டில் சான்றோர் அவளைத் தீயை நோக்கித் தள்ளவில்லை, தடுக்கின்றனர். இதனை விளக்காத வாசிப்பு முழுமையாகாது.

பெண்ணிய அணுகுமுறை கேட்கத்தக்க வினா இங்கேதான் பிறக்கிறது. அப்பெண்ணின் முன்னுள்ள தெரிவுகள் யாவை? சான்றோர் அவளுக்கு வாழ்வை அளிக்க முன்வருகின்றனர். அவ்வாழ்வு பிழிந்த சோறும் கற்படுக்கையுமாக உள்ளது. அவள் தேர்வது தீயை மட்டுமன்று. தரப்பட்ட மாற்றையும் அவள் மறுக்கிறாள். இரண்டே வழிகள் உள்ள இடத்தில் ஒன்றைத் தேர்வதை முழு விடுதலை எனவும் முழு வற்புறுத்தல் எனவும் கூற இயலாது. மேலும், மறுப்பைக் கூறும்போது அவள் தன்மைப் பன்மையில் பேசுகிறாள். அப்பன்மை அரசகுலப் பெருமிதத்தின் குரலாக இருக்கலாம். அவ்வாறாயின் கைம்மை நோற்கும் பிற பெண்டிரினின்று தன்னை வேறுபடுத்தும் தகுதிவேறுபாடும் அதில் உண்டு. பாலினம் மட்டுமே அளவுகோலானால் இத்தகுதிவேறுபாடு கண்ணில் படாது.

தொகுப்பின் வரிசையும் இங்குப் பேசுகிறது. முந்தைய 245ஆம் பாடலில், சேரமான் கோட்டம்பலத்துத் துஞ்சிய மாக்கோதை மனைவியின் உடலை ஈமத்தில் இட்ட பின்னும் தான் உயிரோடிருப்பதை எண்ணி வருந்துகிறான். மனைவியை இழந்த ஆண் வாழ்ந்துகொண்டே வருந்துகிறான். கணவனை இழந்த பெண் வாழ்வதையே மறுக்கிறாள். அடுத்தடுத்து நிற்கும் இவ்விரு பாடல்களும் இழப்பின்முன் ஆணுக்கும் பெண்ணுக்கும் இருந்த இடைவெளியை வேறெந்த விளக்கத்தினும் கூர்மையாக உணர்த்துகின்றன. ஆனால் இம்முரணைப் படைத்தது 246ஆம் பாடலின் குரல் அன்று, தொகுத்தவரின் அடுக்குமுறை. எனவே இதிலிருந்து பெறப்படும் முடிவு தொகுப்பாளர் பார்வைக்கு உரியதே தவிர, பாட்டில் பேசும் பெண்ணின் காலத்திற்கு நேராக உரியதன்று.

வாய்மொழிக் கோட்பாட்டு அணுகுமுறை

ஓர் அணுகுமுறை தகுந்த வினாவோடு தேரப்பட்டமைக்குச் சிறந்த எடுத்துக்காட்டு க. கைலாசபதியின் ஆய்வு. பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் தாம்சனின் வழிகாட்டலில் உருவாகி 1968ஆம் ஆண்டு ஆக்ஸ்போர்டில் ஆங்கில நூலாக வெளிவந்த அவ்வாய்வு, மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்ட் ஆகியோர் ஹோமரின் காப்பியங்களையும் தென்சிலாவிய வாய்மொழிப் பாடல்களையும் கொண்டு வகுத்த கோட்பாட்டைச் சங்கப் பாடல்களுக்குக் கொணர்ந்தது. சங்கப் பாடல்களில் ஒரேவகைத் தொடர்களும் கருப்பொருள்களும் மீள மீள வருவது ஏன் என்பது அதன் வினா. அதற்குமுன் மரபின் செல்வாக்கு என்று பொதுவாகக் கூறி விடப்பட்ட செய்தி, அவ்வாய்வால் விளக்கம் வேண்டும் சிக்கலாக மாறியது. புதிய அணுகுமுறையின் உண்மையான பயன் இதுவே.

எனினும் ஹோமரின் காப்பியங்கள் பல்லாயிரம் அடிகளில் நிகழ்ச்சிகளைத் தொடர்ந்து உரைப்பவை. 246ஆம் பாடலோ ஒரு கணத்தில் நின்று பேசும் சிறு கூற்று. நெடுங்கதையை நிகழ்த்துபவருக்குத் தேவைப்படும் வாய்பாடு 15 அடிகளில் பாடுபவருக்கு அதே காரணத்தால் தேவைப்பட்டதா என்பது தனியே நிறுவப்பட வேண்டியது. ஹார்ட், பாணரின் வாய்மொழி மரபைப் பின்பற்றி எழுத்தறிவுள்ள புலவர்கள் இயற்றியவையே இப்பாடல்கள் எனக் கருதினார். 2001ஆம் ஆண்டு வெளிவந்த நூலில் ஹெர்மன் டீக்கன், இவை பழைய உலகைப் பிற்காலத்தில் புனைந்து காட்டும் காவிய மரபின் ஆக்கங்கள் என வாதிட்டு, அவற்றின் காலத்தை எட்டு, ஒன்பதாம் நூற்றாண்டுகளுக்குக் கொண்டுவந்தார். அக்கால வரையறை அறிஞர் பலரால் ஏற்கப்படவில்லை.

மூன்று விளக்கங்களும் மீண்டும் மீண்டும் வரும் தொடர்களை எதிர்கொள்கின்றன. வாய்மொழியாகப் பாடினாலும் தொடர்கள் மீளும்; வாய்மொழியைப் போலச் செய்தாலும் மீளும்; பழமையைப் புனைந்தாலும் மீளும். ஆகவே மீள்வரவு என்னும் சான்று இம்மூன்றனுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க உதவாது. அதற்கு மொழிநிலை, யாப்பு, கல்வெட்டு போன்ற வேறுவகைச் சான்றுகள் வேண்டும். போட்டியிடும் விளக்கங்கள் அனைத்திற்கும் ஒருங்கே பொருந்தும் தரவைத் தமது விளக்கத்திற்கு மட்டும் ஆதாரமாகக் காட்டுவது, ஆய்வேடுகளில் மிகுதியாகக் காணப்படும் தருக்கப் பிழையாகும்.

தேர்வுக்கான அளவுகோல்கள்

மேற்கண்ட ஆய்விலிருந்து அணுகுமுறைத் தேர்வுக்கு நான்கு அளவுகோல்களை வகுக்கலாம். முதலாவது, வினா முந்தியதாக இருத்தல். சங்க இலக்கியத்தில் பெண்கள் என்பது பொருட்பரப்பு. 246ஆம் பாடலில் சான்றோர் ஏன் தடுக்கின்றனர் என்பது வினா. இரண்டாவது, சான்றடுக்கு தெளிவாக இருத்தல். பாட்டு, அடிக்குறிப்பு, தொகுப்புவரிசை, உரை ஆகியவற்றுள் எது எந்த முடிவைத் தாங்குகிறது என்பது வெளிப்படையாகக் கூறப்பட வேண்டும். மூன்றாவது, மறுக்கப்படும் வாய்ப்பு இருத்தல். எத்தகைய தரவு கிடைத்தால் தமது கருதுகோள் தவறாகும் என்பதை ஆய்வாளர் முன்கூட்டியே கூற இயல வேண்டும். நான்காவது, எல்லை அறிவிக்கப்படுதல். தேர்ந்த அணுகுமுறை எவ்வினாவிற்கு விடை தராது என்பதும் ஆய்வின் பகுதியே.

ஒற்றை அணுகுமுறை போதாது என்பதால் பலவற்றை ஒருசேரக் கையாளலாம் என்பது பொதுவாகக் கூறப்படும் தீர்வு. வினாக்கள் பலவாக இருந்து, ஒவ்வொன்றிற்கும் உரிய சான்று வேறாக இருக்கும்போது அது முறையானதே. ஓர் அணுகுமுறைக்குத் தடையாக நிற்கும் தரவைக் கடப்பதற்காக மற்றொன்றுக்குத் தாவுவது முறையன்று. அடிக்குறிப்பை வரலாற்றியல் இயலில் உண்மைச் செய்தியாகவும், பெண்ணிய இயலில் ஆண்மையப் புனைவாகவும் ஒரே ஆய்வேடு கொள்ளுமாயின் அதன் இரு முடிவுகளும் ஒன்றையொன்று அழிக்கும்.

முடிவுரை

புறநானூறு 246ஆம் பாடல் வரலாற்றாய்வாளருக்குப் புறச்சான்றின் தேவையையும், கவிதையியல் ஆய்வாளருக்கு வகைப்பாட்டின் வரலாற்றையும், சமூகவியல் ஆய்வாளருக்குத் தரவை ஒப்பிட வேண்டிய கட்டாயத்தையும், பெண்ணிய ஆய்வாளருக்குத் தெரிவுகளின் குறுக்கத்தையும், வாய்மொழி ஆய்வாளருக்குப் பிரித்தறியும் சான்றின் இன்றியமையாமையையும் உணர்த்துகிறது. இவற்றுள் எவ்வணுகுமுறையும் தன்னளவில் உயர்ந்ததோ தாழ்ந்ததோ அன்று. உரிய வினாவோடு வரும்போது ஒவ்வொன்றும் பாடலில் புதியதொன்றைக் காண்கிறது. வினாவின்றி வரும்போது தான் கொண்டுவந்ததையே திரும்பப் பெறுகிறது.

இது முறையியல் நுட்பம் பற்றிய செய்தி மட்டுமன்று. கணவனை இழந்த பெண்ணின் வாழ்வும் சாவும் பற்றி இப்பாடலிலிருந்து பெறப்படும் முடிவுகள் ஆய்வேட்டோடு நின்றுவிடுவதில்லை. பாடநூல்களுக்கும் மேடைகளுக்கும் சென்று, தமிழரின் தொன்மையான ஒழுகலாறு இது என நிலைபெறுகின்றன. பதினைந்து அடிகள் தாங்கக்கூடிய பொருளுக்கு மேல் அவற்றின்மேல் ஏற்றப்படும் ஒவ்வொரு முடிவும் பண்டைப் பெண்டிர்பேரில் கூறப்படும் சான்றில்லாக் கூற்றாகும். சான்றின் எல்லைவரை சென்று அங்கு நிற்கத் தெரிந்த அணுகுமுறையே ஆய்வுக்குத் தகுந்தது.